அமினோகிளைக்கோசைடுகள்

பாக்டீரியாவின் செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துக் குடும்பம். ஸ்ட்ரெப்டோமைசின், நியோமைசின், கேனமைசின், ஜென்டாமைசின், டோப்ராமைசின், அமிக்காசின், பேரோமோமைசின் ஆகியவை இதில் முக்கியமானவை. பெரும்பாலானவை மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட் வகை நுண்ணுயிர்களிலிருந்து கிடைத்தவை. சில, அவற்றின் மூலக்கூறை வேதியியல் முறையில் மாற்றிச் செய்யப்பட்டவை. வாய்வழி கொடுத்தால் குடலிலிருந்து ரத்தத்தில் சேராது என்பதால் இவை பெரும்பாலும் ஊசி மருந்துகளாகவே புழங்குகின்றன. காசநோய்க்கு மனிதன் கண்ட முதல் பயனுள்ள மருந்து இக்குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்று, சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்று, பிளேக், இதய வால்வுத் தொற்று ஆகியவற்றுக்கு இன்றும் இவற்றை நம்பியிருக்கிறோம். அதே சமயம் உள்காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. மருந்துகளைக் கண்டெடுக்கும் வேலை சுமார் முப்பது ஆண்டுகளில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கொடுப்பது, எந்த மருந்தைத் துணை சேர்ப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் அதைவிட நீண்ட காலம் பிடித்தது. இம்மருந்துகளின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கல்வியின் வரலாறே.

ரட்கர்ஸ் ஆய்வகம்

உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய செல்மன் வாக்ஸ்மன், நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார். மண்ணில் கலக்கும் நோய்க்கிருமிகள் அங்கே நெடுநாள் பிழைப்பதில்லை. மண்ணிலேயே வாழும் வேறு நுண்ணுயிர்கள் அவற்றை அழிக்கக்கூடிய பொருள்களைச் சுரக்கின்றன என்ற எண்ணத்தில் அவரது ஆய்வகம் ஆயிரக்கணக்கான மண் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாக வளர்த்துச் சோதித்தது. 1940இல் ஆக்டினோமைசினும் 1942இல் ஸ்ட்ரெப்டோத்ரிசினும் கிடைத்தன. இரண்டும் கிருமிகளைக் கொன்றன; ஆனால் மருந்தாகக் கொடுக்க முடியாத அளவுக்கு விலங்குகளையும் பாதித்தன.

பெனிசிலின் அப்போது போர்க்கள மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேரத் தொடங்கியிருந்தது. கிராம் நெகட்டிவ் எனப்படும் பெரும் பிரிவைச் சேர்ந்த பாக்டீரியாக்களிடமும் காசநோய்க் கிருமியிடமும் அது பலிக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் மருந்தைத் தேடியவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர். முதுகுக் கோளாறு காரணமாக ராணுவத்திலிருந்து 1943இல் விடுவிக்கப்பட்டு ரட்கர்ஸுக்குத் திரும்பியவர். காசநோய்க் கிருமியோடு வேலை செய்வது ஆபத்து என்பதால் கட்டடத்தின் அடித்தளத்தில் தனியே இருந்து இரவும் பகலும் உழைத்தார். 1943 அக்டோபர் 19 அன்று ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரைசியஸ் என்ற நுண்ணுயிரின் இரண்டு வகைகள் தாம் தேடிய பொருளைச் சுரப்பதை அவர் உறுதிசெய்தார். ஒரு வகை எருவிட்ட வயல்மண்ணிலிருந்து கிடைத்தது. மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டு, சக மாணவி டோரிஸ் ஜோன்ஸ் அவரிடம் கொடுத்தது. ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன் ஆகிய மூவர் பெயரில் 1944 ஜனவரியில் ஆய்வுக்கட்டுரை வெளியானது. மருந்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயரிட்டார்கள்.

பிறகு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. காப்புரிமை வருவாயும் புகழும் வாக்ஸ்மன் பக்கமே சேர, ஷாட்ஸ் 1950இல் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டில் அவர் இணைக் கண்டுபிடிப்பாளராக ஏற்கப்பட்டு, வருவாயில் ஒரு பங்கும் பெற்றார். ஆனாலும் 1952ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே தரப்பட்டது. பல்லாண்டு நடந்த திட்டமிட்ட தேடல் வாக்ஸ்மனுடையது, மருந்தைக் கண்ட கையும் கண்ணும் ஷாட்ஸினுடையவை. ஒருவரை விட்டு மற்றவரைச் சொல்வது நியாயமாகாது. ரட்கர்ஸ் தன் உயரிய பதக்கத்தை ஷாட்ஸுக்கு வழங்க 1994ஆம் ஆண்டு ஆயிற்று.

நோயாளிகளிடம் சோதனை

மின்னசோட்டாவின் மேயோ மருத்துவ நிலையத்தில் வில்லியம் ஃபெல்ட்மனும் கார்வின் ஹின்ஷாவும் 1944இல் காசநோய் ஏற்றப்பட்ட கினி எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் பிழைத்தன. அதே ஆண்டு நவம்பரில் அம்மாநிலத்தின் ஒரு சானடோரியத்தில் இருந்த 21 வயதுப் பெண்ணுக்கு ஊசி போடப்பட்டது. நோய் முற்றியிருந்த அவர் குணமடைந்து வீடு திரும்பினார். அதுவரை வந்தால் சாவு நிச்சயம் என்றிருந்த காசநோய் மூளைக்காய்ச்சலிலும் சிலர் பிழைக்கத் தொடங்கினர்.

பிரிட்டனில் மருந்து மிகக் குறைவாகவே இருந்தது. போரில் நொடித்த அந்நாட்டிடம் அமெரிக்காவிலிருந்து வாங்க டாலர் இல்லை. எல்லாருக்கும் கொடுக்க வழியில்லாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, உண்மையான பலனை அளந்துவிடலாம் என்று மருத்துவ ஆராய்ச்சிக் குழு முடிவெடுத்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த திட்டப்படி, எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பது முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு, அது மருந்து பெற்றவருடையதா பெறாதவருடையதா என்பது தெரியாது. இன்று உலகெங்கும் மருந்துகளைச் சோதிக்கும் முறைக்கு இந்தச் சோதனையே முன்மாதிரி.

மொத்தம் 107 நோயாளிகள். அவர்களில் 55 பேருக்கு நாளைக்கு 2 கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் நான்கு ஊசிகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948 அக்டோபரில் வெளியான இந்த முடிவை மட்டும் பார்த்தால் வெற்றிதான். ஆனால் ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது முதல் பிரிவில் 32 பேரும் இரண்டாவது பிரிவில் 35 பேரும் இறந்துபோயிருந்தார்கள். மருந்து தொடங்கிய ஓரிரு மாதங்களிலேயே பலருடைய உடலிலிருந்த கிருமிகள் அதற்குப் பணியாதவையாக மாறிவிட்டதுதான் காரணம். ஸ்வீடனின் யோர்கன் லேமன் கண்டறிந்த பாஸ் என்ற மருந்தை உடன் சேர்த்துக் கொடுத்தால் இந்த எதிர்ப்பு பெரிதும் தடுக்கப்படும் என்பதை 1950இல் அதே குழு நிறுவியது. காசநோய்க்கு ஒற்றை மருந்து கூடாது என்ற விதி அங்கிருந்து பிறந்தது. 1952இல் ஐசோனியாசிட் வந்த பிறகு மும்மருந்துச் சிகிச்சை நிலைபெற்றது.

அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் இம்மருந்தைப் பெற்றவர்களில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லும் ஒருவர். 1948இல் ஸ்காட்லாந்தின் ஹேர்மைர்ஸ் மருத்துவமனையில் அவர் இருந்தபோது, பத்திரிகை ஆசிரியரான நண்பர் டேவிட் ஆஸ்டர் அமெரிக்காவிலிருந்து மருந்தை வரவழைத்துக் கொடுத்தார். சில வாரங்களில் ஆர்வெல்லின் தோல் உரிந்தது, வாயெல்லாம் புண்ணானது, முடி கொட்டியது, நகங்கள் பாதிக்கப்பட்டன. ஊசி நிறுத்தப்பட்டது. 1950 ஜனவரியில் அவர் இறந்தார். எவ்வளவு கொடுக்கலாம், ஒவ்வாமை வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் மருத்துவர்களுக்கே பிடிபடாதிருந்த காலம் அது.

சென்னை ஆய்வுகள்

சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவும் காற்றும் தந்து, ஓராண்டு மருந்து கொடுப்பது பணக்கார நாடுகளுக்குச் சாத்தியம். இந்தியாவில் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைகள் இல்லை. இந்த நடைமுறைக் கேள்விக்கு விடை தேட, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இப்போதைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. தொடக்க ஆண்டுகளில் அதை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ்.

முதல் ஆய்வில் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர். ஒரு பாதியினர் சானடோரியத்திலும் மறுபாதியினர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தும் ஒரே மருந்தை, அதாவது ஐசோனியாசிடும் பாஸும், சாப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்கவைத்தது. சத்தான உணவும் ஓய்வும் இல்லாமல் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிந்தது.

ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது வேறொரு சிக்கல். பாஸ் மாத்திரைகளை நாள்தோறும் கைநிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுவார்கள், மருத்துவரிடம் சாப்பிட்டதாகவே சொல்வார்கள். இங்குதான் ஸ்ட்ரெப்டோமைசின் புதிய விதத்தில் உதவியது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் நோயாளி மையத்துக்கு வர வேண்டும். அங்கே அவருக்கு ஊசி போடப்படும், ஐசோனியாசிட் மாத்திரையைச் செவிலியர் எதிரிலேயே விழுங்குவார். ஊசியை யாரும் வீட்டுக்கு எடுத்துச்சென்று தூக்கி எறிய முடியாது. 1964இல் வெளியான ஒப்பீடு, இந்த வாரமிருமுறைச் சிகிச்சை நாள்தோறும் வீட்டில் மருந்து சாப்பிடுவதற்குச் சிறிதும் குறைந்ததல்ல என்று காட்டியது. மருந்தை நேரடிக் கண்காணிப்பில் கொடுக்கும் டாட்ஸ் முறையை உலக நாடுகள் 1990களில் ஏற்றுக்கொண்டன. அதன் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

குடும்பம் விரிந்தது

வாக்ஸ்மனும் ஹூபர்ட் லெஷவாலியேயும் 1949இல் நியோமைசினைக் கண்டார்கள். ஊசியாகப் போட முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை அதிகம். மேற்பூச்சாகவும், குடலுக்குள் மட்டும் வேலைசெய்ய வாய்வழியாகவும் நிலைத்தது. ஜப்பானில் ஹமாவோ உமேசாவா 1957இல் கேனமைசினை அறிவித்தார். அமெரிக்காவின் ஷெரிங் நிறுவனத்தில் மார்வின் வெய்ன்ஸ்டீன் குழு 1963இல் ஜென்டாமைசினைக் கொண்டுவந்தது. மருத்துவமனைகளில் ஆளைக் கொல்லும் சூடோமோனாஸ் கிருமிக்கு எதிராக அது பெரிய ஆயுதமானது. டோப்ராமைசின் அதைத் தொடர்ந்தது.

இதற்குள் பாக்டீரியாக்கள் தப்பிக்கும் வழியும் தெரிய வந்திருந்தது. அவை சில நொதிகளைச் சுரந்து, மருந்து மூலக்கூறின் மேல் அசெட்டைல், பாஸ்பேட் போன்ற சிறு துணுக்குகளை ஒட்டிவிடுகின்றன. அதன் பிறகு மருந்தால் ரைபோசோமைப் பிடிக்க முடியாது. 1967இல் உமேசாவா குழு இதை வெளிப்படுத்தியது. எந்த இடத்தில் துணுக்கு ஒட்டப்படுகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை மறைத்துவிடலாம் அல்லவா? 1972இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் கேனமைசினில் ஒரு பக்கச் சங்கிலியைச் சேர்த்து உருவாக்கிய அமிக்காசின் அப்படிப் பிறந்ததே. பழைய மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் பல அதற்குப் பணிந்தன. எதிர்ப்பின் வேதியியலைப் புரிந்துகொண்டு அதற்கேற்ப மருந்தைச் செதுக்கியதில் இது ஓர் அழகான வெற்றி.

வேலை செய்யும் விதம்

ஸ்ட்ரெப்டோமைசின் ரைபோசோமை வெறுமனே நிறுத்துவதில்லை, மரபுச் செய்தியைத் தப்பாகப் படிக்க வைக்கிறது என்று 1964இல் ஹார்வர்டில் ஜூலியன் டேவிஸ், வால்டர் கில்பர்ட், லூயிஜி கொரினி ஆகியோர் காட்டினார்கள். தவறான அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுப் பிழையான புரதங்கள் உருவாகின்றன. அவை செல்சவ்வில் போய்ப் பதியும்போது சவ்வு பழுதாகி மேலும் மருந்து உள்ளே புகுகிறது. வேறு பல ரைபோசோம் மருந்துகள் பாக்டீரியாவின் வளர்ச்சியை மட்டும் நிறுத்த, அமினோகிளைக்கோசைடு அதைக் கொன்றே விடுவதற்கு இது முக்கியக் காரணம்.

எப்படித் தப்பாகப் படிக்கிறது என்பதை அணு அளவில் பார்க்க 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் தலைமையில் கேம்பிரிட்ஜ் குழு, ரைபோசோமின் சிறிய பாதியான 30எஸ் அலகு ஸ்ட்ரெப்டோமைசின், பேரோமோமைசின் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் நிலையின் அமைப்பை வெளியிட்டது. சரியான அமினோ அமிலத்தைச் சுமந்த ஆர்என்ஏ வந்து பொருந்தினால் ரைபோசோமின் இரண்டு அடினின் அலகுகள் வெளிப்பக்கம் திரும்பி அதைச் சரிபார்க்கின்றன. பேரோமோமைசின் உட்கார்ந்ததும், சரியானது வராமலேயே அந்த இரண்டும் திரும்பிவிடுகின்றன. சரிபார்க்கும் வேலை முடிந்துவிட்டதாக ரைபோசோம் ஏமாந்துபோகிறது. ரைபோசோம் ஆய்வுக்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை ராமகிருஷ்ணனும் தாமஸ் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும் பகிர்ந்துகொண்டார்கள்.

மருந்து செல்லுக்குள் நுழைய ஆக்சிஜன் சார்ந்த ஆற்றல் வேண்டும். அதனால்தான் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளிடமும், சீழ்க்கட்டியின் உள்ளேயும் இது பலிப்பதில்லை. சுவர் கெட்டியான என்டெரோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்குள்ளும் தனியாக நுழையாது. பெனிசிலின் வகை மருந்து முதலில் செல்சுவரைச் சிதைத்தால் அந்த வழியே உள்ளே போகும். இதய வால்வுத் தொற்றில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இதற்காகவே.

காதும் சிறுநீரகமும்

மேயோவில் ஹின்ஷா சிகிச்சையளித்த முதல் நோயாளிகளிலேயே தலைச்சுற்றலும் நடையில் தள்ளாட்டமும் காணப்பட்டன. மருந்து உள்காதின் நுண்மயிர்ச் செல்களைக் கொல்கிறது. அவை மறுபடி வளர்வதில்லை. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் சமநிலை உறுப்பை அதிகம் தாக்கும். கேனமைசினும் அமிக்காசினும் கேட்கும் பகுதியை. முதலில் போவது மிக உயர்ந்த சுருதியொலிகள் என்பதால் நோயாளிக்கு இழப்பு தெரிவதேயில்லை. பேச்சு புரியாமல் போகும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். காதில் இரைச்சல், நடக்கையில் தடுமாற்றம் என்று நோயாளி ஒரு வார்த்தை சொன்னாலும் அதை அலட்சியம் செய்யக்கூடாது.

சிலருக்குச் சரியான அளவில் கொடுத்தாலும் செவி போய்விடுகிறது. தாய்வழி வரும் மைட்டோகாண்டிரியா மரபணுவில் 1555ஆம் இடத்திலுள்ள ஒரேயொரு எழுத்து மாறியிருப்பது இதற்குக் காரணம் என்று 1993இல் தெரிந்தது. மனித மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம் அந்த மாற்றத்தால் பாக்டீரியாவின் ரைபோசோமை ஒத்துவிடுகிறது. மருந்து இரண்டையும் பிரித்தறிய முடியாமல் தாக்குகிறது. குடும்பத்தில் தாய்வழியில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேளாமல் போயிருக்கிறதா என்று முன்பே கேட்டறிவது ஒரு பிள்ளையின் செவியைக் காப்பாற்றும்.

சிறுநீரகச் சேதம் பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். அதன் பொறிமுறையைப் புரிந்துகொண்டபோது சிகிச்சை முறையே மாறியது. சிறுநீரகக் குழாய்ச் செல்கள் மருந்தை உள்ளிழுக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நாளெல்லாம் ரத்தத்தில் மிதமாக மருந்து இருந்தால் அவை இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் பெரிய அளவு கொடுத்துவிட்டு மீதி நேரம் ரத்தத்தைக் காலியாக விட்டால் சேர்வது குறையும். பாக்டீரியாவின் பக்கமோ நேரெதிர். மருந்தின் உச்ச அளவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குக் கொலை வேகம் கூடும், மருந்து வடிந்த பிறகும் சில மணி நேரம் கிருமிகள் தலைதூக்காது. பல பத்தாண்டுகளாக எட்டு மணிக்கொரு ஊசி என்று போட்டுவந்த ஜென்டாமைசினை 1990களில் நாளுக்கு ஒருமுறை என்று மாற்றிய பிறகு, பலன் குறையாமல் ஊசியின் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாயிற்று. அடுத்த ஊசிக்கு முன் ரத்தம் எடுத்து மருந்து வடிந்துவிட்டதா என்று பார்ப்பதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினினைக் கவனிப்பதும் இப்போது வழக்கம். முதியவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இடைவெளி இன்னும் நீளும்.

கட்சிரோலி

ஜென்டாமைசின் கிராமங்களிலும் உயிர்காத்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியரான அபய் பங்கும் ராணி பங்கும் நடத்திய ‘செர்ச்’ (SEARCH) அமைப்பு, சில ஆண்டுகளே பள்ளி சென்ற கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்தது. அவர்கள் வீடுவீடாகப் போய்ப் பிறந்த குழந்தையைப் பார்ப்பார்கள். பால் குடிக்காமல், உடல் குளிர்ந்து, அழுகை மெலிந்து கிடந்தால் ரத்தத் தொற்று என்று கணித்து, பெற்றோரின் சம்மதத்தோடு ஜென்டாமைசின் ஊசி போடுவார்கள். கூடவே வாய்வழி கோட்ரைமாக்சசோல். 39 கிராமங்களில் நடந்த இந்த ஆய்வில் பச்சிளங்குழந்தை இறப்பு 62% குறைந்தது. 1999இல் லான்செட் இதழில் முடிவு வெளியானபோது, ஊசியை மருத்துவரல்லாதவர் கையில் கொடுக்கலாமா என்ற தயக்கம் பலருக்கு இருந்தது. ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, மருத்துவமனைக்குப் போக வழியில்லாத குழந்தைக்கு நாளுக்கொரு ஜென்டாமைசினும் வாய்வழி அமாக்சிசிலினும் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது.

பீகாரின் கருங்காய்ச்சலுக்கும், அதாவது காலா அசாருக்கும், இக்குடும்பத்தின் பேரோமோமைசின் உதவியது. லாப நோக்கமற்ற ஒரு மருந்து நிறுவனம் முன்னின்று நடத்திய சோதனைகளுக்குப் பின் 2006இல் இந்தியா அதை அனுமதித்தது. அந்த நோயை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, ஒட்டுண்ணி. அதனிடமும் இம்மருந்து பலிப்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்ப்பும் இன்றைய இடமும்

நொதிகளைத் தவிர வேறொரு எதிர்ப்பு 2003 முதல் கவலை தருகிறது. ரைபோசோமில் மருந்து ஒட்டும் இடத்தையே மாற்றியமைக்கும் மெத்திலேஸ் மரபணுக்கள் பாக்டீரியாக்களிடையே கைமாறுகின்றன. இவை இருந்தால் ஜென்டாமைசின், டோப்ராமைசின், அமிக்காசின் மூன்றும் ஒருசேரப் பயனற்றுப் போகும். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக 2010இல் வெளியான ஆய்வு, என்டிஎம்-1 என்னும் நொதி கொண்ட கிருமிகள் சென்னை, ஹரியானா, பிரிட்டன் ஆகிய இடங்களில் பரவியிருப்பதைக் காட்டியது. கார்பாபெனெம் எனப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளை முறியடிக்கும் அத்தகைய கிருமிகள் பல இந்த மெத்திலேஸ் மரபணுவையும் உடன் சுமக்கின்றன.

வயலிலும் இம்மருந்து தெளிக்கப்பட்டது. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தமிழக உழவர்கள் பல்லாண்டு பயன்படுத்தினார்கள். ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் இதற்குத் தடை விதிக்கும் வரைவாணையை வெளியிட்டது. மனிதனின் உயிர்காக்கும் மருந்தை வயலில் கொட்டுவதை முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

காசநோயில் இக்குடும்பம் பின்வாங்கிவிட்டது. மீண்டும் நோய் வந்தவர்களுக்கு இரண்டு மாதம் வாரம் மும்முறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2017இல் கைவிடச் சொன்னது. பல மருந்துக்கு எதிர்ப்புள்ள காசநோயில் மாதக்கணக்கில் கேனமைசின் போட்டுக் காது கேளாமல் போனவர்கள் ஏராளம். பெடாகுவிலின் போன்ற மாத்திரைகள் வந்தபின் 2019 வழிகாட்டியில் கேனமைசின் நீக்கப்பட்டது. அமிக்காசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும், செவிப் பரிசோதனை வசதி இருந்தால், மாற்றாக நீடிக்கிறது.

புதிய உறுப்பினரான பிளாசோமைசின் 2018 ஜூனில் அமெரிக்காவில் சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு அனுமதி பெற்றது. அதை உருவாக்கிய அகாவோஜென் நிறுவனம் அடுத்த ஏப்ரலிலேயே திவாலானது. மருந்தின் உரிமையை இந்தியாவின் சிப்லா வாங்கியது. இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஜென்டாமைசினும் அமிக்காசினும் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கவேண்டிய மருந்துகளாகவும், பிளாசோமைசின் வேறு வழியே இல்லாதபோது எடுக்கவேண்டிய சேமிப்பு மருந்தாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன.